இரும்பு வெட்ட எந்த மெஷின் வாங்கலாம்? மன்னாரில் பட்டறை போட நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



தோட்டத்தில் பெயர் பதிந்து 30 வருஷம் வேலை செய்த ஒரு அம்மா ஓய்வு பெறும்போது சேவைக்காலப் பணம் கிடைக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 30 வருஷம் என்றால் 420 நாள் சம்பளம். இதோடு ஊழியர் சேமலாப நிதியும் வரும். பணம் வரப்போகுது என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "அம்மா, நான் வெல்டிங் பட்டறை போடப் போறேன், ஒரு மெஷின் வாங்கித் தாங்க."

பிள்ளை கேட்பது தப்பில்லை. வெல்டிங், கிரில், கேட் வேலை நல்ல தொழில். ஆனால் எந்த மெஷின், எதற்கு, எத்தனை நாள் ஓடும் என்று பார்க்காமல் வாங்கினால் 420 நாள் கொழுந்து பறித்த பணம் பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே, இரும்பு வெட்டும் சாமான்களை எப்படித் தெரிவு செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஏன் மன்னாரை எடுத்துக்கொள்கிறோம்?

மன்னார் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. நமது முன்னோரில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்துதான் மலைக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், அதோடு இணைந்த ரயிலும் ஓடத் தொடங்கிய பிறகு தலைமன்னார் இறங்குதுறையே வாசலானது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலப் பக்கமும் போய்க் குடியேறிய குடும்பங்களும் உண்டு. அங்கே சித்தப்பா, மாமா என்று உறவு இருக்கிற பிள்ளைகள் தொழில் தேடிப் போவது இயல்பு.

போர்க்காலத்தில் அறுந்துபோன ரயில் பாதை 2015இல் மீண்டும் தலைமன்னார்வரை திறக்கப்பட்டது. தீவையும் நிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் 2010இல் வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள், மலையகத்தில் முதல் கட்டமாக 4,000 வீடுகள் எனக் கட்டப்பட்டன. வீடு எழும்பினால் ஜன்னல் கிரில், கேட், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் எல்லாம் வேண்டும். முருங்கன், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் இருப்பதால் டிரக்டர் பெட்டி பழுதும் வரும். கடற்கரையில் நங்கூரம், எஞ்சின் மாட்டும் சட்டம் என்று வள்ளக்காரர் வருவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மன்னாரில் உப்புக் காற்று. சாமான் வாங்குவதில் செய்கிற பிழை மற்ற ஊரில் இரண்டு வருஷத்தில் தெரிந்தால், கடலோரத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும். அங்கே தாக்குப்பிடிக்கும் முறை, பனி மூடுகிற நுவரெலியாவிலும் மழை விடாத வட்டவளையிலும் தாக்குப்பிடிக்கும்.

முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு மெஷினை

கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். பட்டறையில் உதவியாளாக நிற்கும் காலத்திலேயே மூன்று மாதம் எழுதுங்கள். என்ன இரும்பு வந்தது? எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு? எத்தனை வெட்டு? எதை வெளியில் கொடுத்து வெட்டினார்கள், அதற்கு என்ன கூலி?

எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். சின்னப் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி பொக்ஸ் பார், எல் அயன், பட்டைக் கம்பி, பைப்தான். இவற்றின் தடிப்பு பெரும்பாலும் 1 முதல் 6 மில்லிமீற்றர்வரை. 12 மில்லிமீற்றர்த் தகடு எப்போதாவதுதான் வரும். அந்த எப்போதாவது வேலைக்காகப் பெரிய மெஷின் வாங்கக் கூடாது.

கை வாளும் வைஸும்

ஒரு நல்ல வைஸ், ஒரு ஹெக்சோ பிரேம், நல்ல பிளேட். இவை இல்லாமல் பட்டறை இல்லை. கரண்டு இல்லாத நாளிலும் வேலை ஓடும்.

பிளேட்டில் ஒரு அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று வரும். விதி ஒன்றுதான். எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பின்மேல் இருக்க வேண்டும். மெல்லிய பைப்புக்கு 18 பல் பிளேட் போட்டால் பல் சிக்கி உடையும். பைப்புக்கும் மெல்லிய தகட்டுக்கும் 32, சாதாரண எல் அயனுக்கு 24, தடித்த கம்பிக்கு 18. பல் முன்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். தள்ளும்போது வெட்டும், இழுக்கும்போது அழுத்தக் கூடாது.

நாலு அங்குல கிரைண்டர்

முதல் கரண்டு மெஷின் இதுவாக இருக்கட்டும். வெட்டும், வெல்டிங்கை மட்டமாக்கும், துருவைச் சுரண்டும். ஒரே மெஷினில் டிஸ்க்கை மட்டும் மாற்றுகிறோம். வெட்டுகிற டிஸ்க் 1 முதல் 1.2 மில்லிமீற்றர்த் தடிப்பில் கிடைக்கிறது. மெல்லிய டிஸ்க் சீக்கிரம் வெட்டும், குறைவாகச் சூடாகும்.

ஆனால் வெட்டும் டிஸ்க்கைச் சரித்து வைத்து அரைக்கக் கூடாது. அது பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது, உடைந்து பறக்கும். அரைப்பதற்குத் தடித்த டிஸ்க் வேறாக இருக்கிறது.

இன்னொரு கெட்ட பழக்கம் பல இடத்தில் உண்டு. கவரைக் கழற்றிவிட்டு நாலு அங்குல கிரைண்டரில் ஏழு அங்குல டிஸ்க்கை மாட்டுவது. "வெட்டு ஆழமா போகுதுல்ல" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல டிஸ்க்கின் மேலேயே அதிகபட்சம் 8,500 சுற்று என்று அச்சடித்திருக்கும். 11,000 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் உடைந்த துண்டு முகத்துக்கோ வயிற்றுக்கோ வந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். டிஸ்க்கில் எழுதிய சுற்று, மெஷினில் எழுதிய சுற்றுக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். வாங்கும்போது இரண்டையும் வாசியுங்கள். அம்மா, அப்பாவும் பிள்ளையிடம் இதைக் கேட்டு வையுங்கள்.

பதினாலு அங்குலக் கட்டிங் மெஷின்

மேசையில் வைத்து, மேலிருந்து கீழே இறக்கி வெட்டும் மெஷின் இது. டிஸ்க் 355 மில்லிமீற்றர், அதாவது 14 அங்குலம். கேட், கிரில் வேலை தொடர்ந்து வந்தால் இரண்டாவதாக வாங்க வேண்டியது இதுதான். இரும்பை இறுக்கிப் பிடிக்கும், 45 பாகையில் நேராக வெட்டும், ஒரே அளவில் 50 துண்டு வேண்டுமானாலும் மாறாமல் வரும்.

கவனிக்க வேண்டியவை:

ஒன்று, டிஸ்க் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஒவ்வொரு வெட்டிலும் அவ்வளவு இரும்பு பொடியாகப் போகும். 40 வெட்டுக்கு 120 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 5 அங்குலம். 20 அடி பாரை அளந்து பிரிக்கும்போது இதைச் சேர்க்காவிட்டால் கடைசித் துண்டு குறையும்.

இரண்டு, எல் அயனைக் கவிழ்த்து, முதுகு மேலே இருக்கும்படி வைத்து வெட்டுங்கள். தட்டையாகக் கிடத்தினால் டிஸ்க் ஒரே நேரத்தில் அகலமான பகுதியை வெட்ட வேண்டி வரும், சூடேறும்.

மூன்று, மெஷினை அமுக்காதீர்கள். அமுக்கினால் டிஸ்க் பளபளத்து, வெட்டாமல் எரிக்கும்.

நான்கு, இதே அளவில் பல் வைத்த கார்பைட் பிளேட்டும் கடையில் இருக்கும். அது நிமிடத்துக்கு 1,300, 1,400 சுற்று ஓடும் வேறு மெஷினுக்கு உரியது. டிஸ்க் மெஷின் 3,800 சுற்று ஓடும். ஓட்டை பொருந்துகிறதே என்று மாற்றி மாட்டினால் பல் தெறிக்கும்.

கேஸ் வெட்டு

தடித்த இரும்புக்கு ஒட்சிசனும் அசெட்டிலினும் சேர்ந்த கேஸ் வெட்டு. டிரக்டர் சட்டம், பழைய தகடு, துருவேறி இறுகிய ஆணி இவற்றுக்கு இதுபோல வேறில்லை. கரண்டும் வேண்டாம். இரும்பைச் செந்தணலாகச் சூடாக்கி, அதன்மேல் ஒட்சிசனைப் பாய்ச்சினால் இரும்பே எரிந்து வழிகிறது. அதனால்தான் இது சாதாரண இரும்புக்கு மட்டும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம், வார்ப்பிரும்பு இதில் ஒழுங்காக வெட்டுப்படாது.

வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். சிலிண்டர் முடிந்தால் எங்கே மாற்றுவது, போக்குவரத்துக்கு என்ன செலவு? மன்னார் தீவு கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். சிலிண்டர் ஓடும் நாளைவிடக் காத்திருக்கும் நாள் கூடினால், தடித்த தகட்டை வெளியில் கொடுத்து வெட்டுவதே லாபம்.

அசெட்டிலின் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். நெருப்பு குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு இல்லாத செட் வாங்காதீர்கள். ஒட்சிசன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, தானாகத் தீப்பற்றும். கடலோரத்தில் துருவுக்குப் பயந்து எல்லாச் சாமானையும் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். அந்தத் துணி ஒட்சிசன் பக்கம் போகக் கூடாது. துடைக்கிற கையும் அப்படியே.

பிளாஸ்மாவும் பேண்ட் சோவும்

பிளாஸ்மா மெஷின் கரண்டாலும் அழுத்தக் காற்றாலும் வெட்டும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம் எல்லாம் வெட்டும், வெட்டு துப்புரவாக இருக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மெஷினோடு கொம்பிரசரும் வேண்டும். கொம்பிரசர் இழுக்கும் கடற்காற்றில் ஈரம் அதிகம். காற்றை உலர்த்தும் பில்டர் இல்லாவிட்டால் முனையும் எலக்ட்ரோடும் சீக்கிரம் எரிந்துபோகும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டி வரும். ஸ்டெயின்லெஸ் வேலை ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டிய மெஷின் இது.

பேண்ட் சோ மெதுவாக வெட்டும், சத்தமும் பொறியும் குறைவு, வெட்டில் போகும் இரும்பும் குறைவு. நாள் முழுக்க ஒரே அளவு வெட்டும் பட்டறைக்கு நல்லது. ஆரம்பத்தில் அவசரமில்லை.

உப்பு, காற்று, கிடுகுக் கூரை

மன்னார்க் காற்று சும்மா காற்று இல்லை. அந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நட்டு 2020இல் தம்பபவனி மின்நிலையத்தைத் திறந்தார்கள். வருஷத்தின் நடுப்பகுதியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கடைசி மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். வெட்டும்போது பறக்கும் பொறி காற்றோடு பத்து மீற்றர்கூடப் போகும். கிடுகுக் கூரை, பனையோலை வேலி, பைபர் வள்ளம், எஞ்சின் பெற்றோல் கான் எதுவும் அந்தத் திசையில் இருக்கக் கூடாது. வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கம் தகர மறைப்பு வையுங்கள். காற்று மாறினால் மறைப்பையும் மாற்றுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் பெற்றோல் தீயிலும் கரண்டுத் தீயிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலைப் போடுங்கள்.

டிஸ்க் என்பது கற்பொடியைப் பசையால் ஒட்டிச் செய்தது. ஈரம் பட்டால் பசை பலம் இழக்கும். நடு வளையத்தில் திகதி அடித்திருக்கும், அதைத் தாண்டியதை வாங்காதீர்கள். மூடியுள்ள டின்னில் படுக்கையாக வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், லயத்தில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். அதே கவனம் டிஸ்க்குக்கும் வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் வெட்டுகிற டிஸ்க்கைத் தனியாக வையுங்கள். இரும்பு வெட்டிய டிஸ்க்கால் ஸ்டெயின்லெஸ்ஸை வெட்டினால் இரும்புத்தூள் அதில் பதிந்து, கடற்காற்றில் அந்த இடமே துருப்பிடிக்கும். "ஸ்டெயின்லெஸ்ஸுன்னு சொல்லித் துருப்பிடிக்கிறதத் தந்துட்டீங்களே" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். சாதாரண இரும்பின் வெட்டுமுகத்துக்கு அன்றைக்கே பிரைமர் பூசுங்கள். மறுநாள் காலைக்குள் மஞ்சள் படிந்துவிடும்.

கல்வனைஸ் பைப்பை நெருப்பால் வெட்டினால் வெள்ளைப் புகை வரும். அது நாகப் புகை. சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். கல்வனைஸை ஹெக்சோவால் வெட்டுவது நல்லது.

கரண்டு தாங்குமா?

நமது நாட்டில் கரண்டு 230 வோல்ற். மெஷினில் எழுதிய வொட் கணக்கை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 2,300 வொட் கட்டிங் மெஷின் 10 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் இன்னும் கூட இழுக்கும். பழைய 5 அம்பியர்ப் பிளக்கில் குத்தினால் பிளக் உருகும். வெல்டிங் மெஷினும் கட்டிங் மெஷினும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா என்று யோசித்து, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு தனி லைன் போடுங்கள். ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் கட்டாயம். ஈர மணலில் வெறுங்காலுடன் நிற்கிற ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. சுருட்டிய நீள வயரை முழுதாக விரித்துத்தான் பாவிக்க வேண்டும். சுருளாக இருந்தால் சூடேறி எரியும்.

வாங்கலாமா என்று பார்க்கும் கணக்கு

ஒரு கேட்டுக்கு 60 வெட்டு, ஒரு சின்ன டிஸ்க்கில் 15 வெட்டு, டிஸ்க் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 4 டிஸ்க், 600 ரூபா. இது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இந்த 600ஐக் கேட்டின் விலையில் சேர்த்தீர்களா? பல பிள்ளைகள் இரும்புக்கும் கூலிக்கும் கணக்குப் போடுவார்கள், டிஸ்க்கை மறந்துவிடுவார்கள். லாபம் அந்த ஓட்டையால் போய்விடும்.

பெரிய மெஷினுக்கு இப்படிப் பாருங்கள். கொப்பியில் எழுதிய மூன்று மாதத்தில் வெளியில் கொடுத்த வெட்டுக்கூலியை நாலால் பெருக்கினால் ஒரு வருஷத்துக் கூலி வரும். அது மெஷின் விலையைவிடக் கூடவானால் வாங்கலாம். பாதிகூட வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். நடுவில் இருந்தால் இன்னும் மூன்று மாதம் எழுதுங்கள்.

பழைய மெஷினும் வாங்கலாம். கையால் சுற்றிப் பாருங்கள், தண்டு ஆடக் கூடாது. ஓடவிட்டுப் பாருங்கள், மோட்டாருக்குள் பெரிய பொறி தெரியக் கூடாது. கவர் இல்லாத மெஷின் வேண்டாம். காபன் பிரஷ் அந்த ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு ரூபா குறைவென்று உதிரிப்பாகம் இல்லாத மெஷினை வாங்கினால் அது ஒரு தடவைதான் ஓடும்.

கண்ணும் கையும்

மெஷின் பணத்தில் முதலில் கண்ணாடி, முகமறைப்பு, தோல் கையுறை, காதடைப்பான், மூடிய சப்பாத்து. மிச்சப் பணத்தில்தான் மெஷின். சாரம், துவாய், தொங்கும் சட்டைக்கை வேண்டாம். புது டிஸ்க் போட்டால் முகத்தைத் தள்ளி வைத்து அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். டிஸ்க்கின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

கண்ணில் இரும்புத்தூள் பட்டால் கசக்காதீர்கள். குண்டூசியாலோ துணி முனையாலோ எடுக்கவும் கூடாது. சில மணித்தியாலத்தில் அது கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கத் தொடங்கும். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்டத்தில் என்றால் உடனே டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்கள்.

எதை முதலில், எதைப் பிறகு?

முதலில் பாதுகாப்புச் சாமான், வைஸ், ஹெக்சோ, நாலு அங்குல கிரைண்டர். கேட், கிரில் வேலை நிலைத்ததும் பதினாலு அங்குல மெஷின். தடித்த வேலை ஒழுங்காக வந்தால் கேஸ் செட். ஸ்டெயின்லெஸ் வேலை வந்தால் பிளாஸ்மா. ஒவ்வொரு படியையும் முந்திய படியின் லாபத்தில் ஏறுங்கள். அம்மாவின் பணத்தில் முதல் படி மட்டும் போதும். மிச்சத்தை வங்கியில் அவர் பெயரிலேயே இருக்க விடுங்கள்.

மெஷினுக்கு முன்னால் தொழிலைப் பழகுவதும் முக்கியம். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களில் வெல்டிங் படிக்கலாம். ஏற்கனவே பட்டறையில் பழகிய பிள்ளைகள், கைத்திறனைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் மன்னாரிலும் செல்லும், ஹட்டனிலும் செல்லும், வெளிநாட்டு வேலைக்கும் உதவும்.

பட்டறை போடும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள். கடைக்குப் போகும் நாளில் அம்மாவோ அப்பாவோ கூடப் போங்கள். டிஸ்க்கில் எத்தனை சுற்று எழுதியிருக்கு, மெஷினில் எத்தனை எழுதியிருக்கு என்று நீங்களே கேளுங்கள். கடைக்காரர் காட்டித்தான் ஆக வேண்டும்.